புனிதர் பெயர்களும் திருநாட்களும்: தமிழ் ஏற்றுக்கொண்ட முறை



இவ்வுரையின் பொருள் கத்தோலிக்கத் திருச்சபை போற்றும் புனிதர்களும் அவர்களுக்குரிய திருநாட்களும் ஆகும். ஒரு சமயத்தைப் பரப்புவதோ, சமயங்களை ஒப்பிட்டு உயர்வு தாழ்வு காண்பதோ நம் நோக்கமன்று. பாலத்தீனத்திலும் இத்தாலியிலும் போர்த்துக்கலிலும் வாழ்ந்து மறைந்தவர்கள் தமிழர் நாவில் இராயப்பர் ஆனதும், சின்னப்பர் ஆனதும், கோடி அற்புதர் ஆனதும் எவ்வாறு? அப்பெயர்கள் இந்நாட்டில் இன்று எந்நிலையில் உள்ளன? இவ்விரு வினாக்களுக்கும் மொழியின் வழி நின்று விடை காண முயல்வோம்.

புனிதரும் திருநாளும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்வது நன்று. கத்தோலிக்க நம்பிக்கையில் வழிபாட்டிற்குரியவர் இறைவன் ஒருவரே. புனிதர்களுக்கு உரியது வணக்கம். இறைவனிடம் நமக்காகப் பரிந்து பேசுமாறு அவர்களை வேண்டுதல். இவ்வேறுபாட்டை 787ஆம் ஆண்டில் கூடிய இரண்டாம் நைசியாப் பொதுச் சங்கம் வரையறுத்தது. தமிழில் அதனை உணர்த்த 'ஆராதனை' என்றும் 'வணக்கம்' என்றும் இரு சொற்கள் பயன்பட்டன. ஆயினும் சொற்கள் அத்துணை எளிதில் எல்லைக்குள் அடங்குவதில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூல் இறைவனைப் பற்றியதே. அதன் பெயரோ 'தம்பிரான் வணக்கம்'. ஒரே சொல் இறைவனுக்கும் அடியார்க்கும் பொதுவாக நின்று, பின்னரே பொருள் பிரிந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

ஒருவரைப் புனிதர் என அறிவிப்பதற்குப் படிகள் உள்ளன. அப்படிகளுக்கு இன்று தமிழில் தெளிவான பெயர்கள் அமைந்துவிட்டன. ஆய்வு தொடங்கும்போது அவர் இறை ஊழியர், அடுத்து வணக்கத்திற்குரியவர், பின்னர் அருளாளர், நிறைவாகப் புனிதர். நம் பாட்டனார் காலத்துச் செப நூல்களில் புனிதர் என்ற சொல்லின் இடத்தில் இருந்தது 'அர்ச்சியசிஷ்டர்' என்பதாகும். அது 'அர்ச்.' என்ற சுருக்கமாகப் பெயர்களுக்கு முன் அச்சிடப்பெற்றது. வேதசாட்சி என்பது மறைசாட்சி ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டில் தமிழ் நடையில் ஏற்பட்ட மாற்றம் ஆலயத்திற்குள்ளும் நுழைந்தமைக்கு இச்சொற்களே சான்று.

திருநாள் எந்த நாளில் வருகிறது என்பதும் சிந்திக்கத்தக்கது. பெரும்பாலான புனிதர்களின் திருநாள் அவர்கள் பிறந்த நாள் அன்று, இறந்த நாள். மண்ணுலகில் இறந்த நாளே விண்ணுலகில் பிறந்த நாள் என்பது திருச்சபையின் பழைய கருத்து. திருச்சபை நாட்காட்டியில் பிறந்த நாள் கொண்டாடப்பெறுவது இயேசுவுக்கும், அவர் அன்னை மரியாவுக்கும், திருமுழுக்கு யோவானுக்கும் மட்டுமே. வேளாங்கண்ணிப் பெருவிழா நிறைவுறும் செப்டம்பர் 8 மரியாவின் பிறந்த நாளாகும்.

தமிழர்க்கு இக்கருத்து அயலாகத் தோன்றியிராது. நாயன்மார்களுக்குக் குருபூசை நடத்துவது அவர்கள் இறைவனடி சேர்ந்த மாதத்து நட்சத்திரத்தில் அன்றோ? பிறப்பைவிட வாழ்ந்து முடித்த நிறைவைப் போற்றும் மரபு தமிழ் மண்ணில் முன்னரே இருந்தது. புதிதாக வந்த அடியார் கதைகள் வேரூன்ற அது துணைபுரிந்திருக்கும் எனக் கருதுவதில் தவறில்லை.

முதல் அடியார் நூல்

1542ஆம் ஆண்டில் புனித பிரான்சிசு சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கடற்கரை மக்களுக்குக் கற்பித்தார். அவருக்குப் பின் அக்கரையில் பல்லாண்டு தொண்டாற்றிய அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, அச்சேற்றவும் செய்தார். அவர் 1586இல் அச்சிட்ட பெருநூல் ஒன்றை இன்று 'அடியார் வரலாறு' என அழைக்கிறோம். புனிதர்களின் மலர் எனப் பொருள்படும் 'பிளோஸ் சாங்க்தோரும்' என்பது அதன் இலத்தீன் பெயர். இப்பெயர் கொண்ட நூல்கள் ஐரோப்பாவில் பலவாக வழங்கின. ஆண்டின் திருநாள் வரிசையில் புனிதர் வாழ்வைக் கூறுவது அவற்றின் இயல்பு.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. தமிழ் அச்சின் தொடக்கக் காலத்தில், அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு தமிழ் உரைநடை நூல் வெளிவந்தது. அதன் பொருளாக அமைந்தது புனிதர் வரலாறு. இன்றைய தமிழ் உரைநடையின் முன்னோடிகளை எண்ணுவோர் இந்நூலைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

பெயர் கடந்து வந்த மூன்று வழிகள்

புனிதர் பெயர்கள் தமிழுக்குள் வந்த முறையை நோக்கினால் மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி, ஒலியை ஏற்பது. சவேரியார் என்பது அவ்வகை. ஸ்பெயின் நாட்டு நவாராப் பகுதியில் அவர் பிறந்த கோட்டையின் பெயரே அவருக்கும் ஆயிற்று. பாசுக்கு மொழியில் அதற்குப் 'புதுவீடு' என்பது பொருள். தமிழர் அப்பொருளைத் தேடவில்லை; ஒலியை மட்டும் பெற்று, 'ஆர்' என்னும் மரியாதை விகுதியைச் சேர்த்தனர். பின்னர் அவ்வொலியிலிருந்தே சவேரிமுத்து, சவரியப்பன், சவரியம்மாள் எனத் தம் பிள்ளைகளுக்குப் பெயர் படைத்தனர். சூசை என்பதும் இவ்வகையே. போர்த்துக்கீசிய ஒலிப்பில் வந்த யோசேப்பின் பெயர் சூசை ஆகி, அப்பர் சேர்ந்து சூசையப்பர் ஆயிற்று. இன்னொன்று சுவையானது. 'சந்தியாகு' என்பதில் புனிதர் என்ற அடையும் யாகப்பர் என்ற பெயரும் ஏற்கெனவே ஒன்றிக் கிடக்கின்றன. அதனை அறியாமலோ, அறிந்தும் பொருட்படுத்தாமலோ, தமிழர் சந்தியாகப்பர் என அழைத்தனர். இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பகுதியினர் சூலை 25இல் அவருக்கு விழா எடுக்கின்றனர்.

இரண்டாம் வழி, பொருளை ஏற்பது. பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் 'சிறியவர்' என்பது பொருள். எனவே அவர் சின்னப்பர். யோவான் என்பதற்கு 'இறைவன் அருளுடையவர்' என்பது பொருள். எனவே அவர் அருளப்பர். 1647இல் லிசுபனில் பிறந்து, தமிழகத்தில் துறவிக் கோலம் பூண்டு வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த சான் தெ பிரித்தோவும் யோவானே. அவரோ அருளானந்தர் எனப் பெயர் பெற்றார். யோசேப்பு என்பதற்கு 'பெருகச் செய்வார்' என்னும் பொருள் உண்டு. வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் அவரை வளன் என்றார். மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அக்காப்பியத்தின் தலைவர் ஒரு தச்சர் என்பதை நாம் மறத்தலாகாது. மன்னரையும் வணிகரையும் தலைவராகக் கொண்ட தமிழ்க் காப்பிய உலகில் உழைத்துண்ட ஒரு கைவினைஞர் இடம்பெற்றது புனிதர் வணக்கத்தின் வழியாகவே.

இவ்வழியில் மிக அண்மையில் உலகப் புகழ் பெற்ற பெயர் தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரசில் பணியாற்றிய நீலகண்டன் என்பவர், 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னரின் படைத்தலைவரான டிலனாயின் நட்பால் கிறித்தவ மறையை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். விவிலியத்தில் வரும் இலாசர் என்ற பெயருக்கு 'இறைவனே துணை' என்பது பொருள். அதுவே தேவசகாயம் என வடிவெடுத்தது. கொடுந்துன்பங்களுக்குப் பின் 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாற்றில் சவேரியார் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். துறவியரும் குருவும் அல்லாத ஓர் இந்தியப் பொதுநிலையினர் இச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. அப்போது அவர் பெயரோடு நெடுநாள் ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீங்கியது. புனிதர் வரிசையில் அவர் தேவசகாயம் என்றே நிற்கிறார். ஒரு பெயரில் எது தங்க வேண்டும், எது விலக வேண்டும் என்பது வெறும் இலக்கணச் சிக்கல் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மூன்றாம் வழி, மக்களே பெயரிடுவது. புனித அந்தோணியார் லிசுபனில் பிறந்து, 1231 சூன் 13இல் இத்தாலியின் பதுவைக்கருகில் இறந்தவர். இறந்து ஓராண்டு நிறைவதற்குள் புனிதராக அறிவிக்கப்பட்டவர். இத்தாலியர்க்கு அவர் பதுவையின் புனிதர். தமிழர்க்கோ கோடி அற்புதர். பதுவையைக் கண்டிராத உழவரும் பரதவரும் தாம் பெற்றதாக நம்பிய உதவிகளை எண்ணி வைத்த பெயர் அது. கோணான்குப்பத்து மரியா பெரியநாயகி ஆனார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆனார். வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதா ஆனார். தூத்துக்குடியில் ஆகசுட்டு 5இல் கொண்டாடப்பெறும் பனிமய மாதாவின் பெயரை நோக்குங்கள். உரோமை நகரில் கோடைக்காலத்தில் பனி பெய்ததாகக் கூறும் பழங்கதையிலிருந்து பிறந்த பெயர் அது. உறைபனியை அறியாத, உப்பு விளையும் ஒரு வெப்பக் கடற்கரை அப்பெயரைத் தனதாக்கிக் கொண்டது. தமிழில் பனி என்பது மார்கழி வைகறையின் குளிர்ச்சியையும் குறிக்கும். ஆகவே அப்பெயரில் அக்கரையினர் உணர்ந்தது உரோமையின் உறைபனியை அன்று. தாயின் குளிர்ச்சியையே எனலாம்.

இம்மூன்று வழிகளிலும் பொதுவாக நிற்பவை அப்பர், அம்மாள், ஆர், மாதா என்னும் முறைச்சொற்களும் மதிப்புச் சொற்களும் ஆகும். தமிழர் புனிதரைப் பெயர் மட்டும் சொல்லி அழைப்பதில்லை. உறவு சொல்லியே அழைத்தனர். அயல்நாட்டார் ஒருவர் தமிழர் குடும்பத்திற்குள் நுழைந்த வாயில் இந்த விகுதியே.

விழாவின் சொற்கள்

திருநாட்களுக்கும் இது பொருந்தும். திருச்சபை நாட்காட்டி நாட்களைத் தரம் பிரிக்கிறது. அத்தரங்களைத் தமிழில் பெருவிழா, விழா, நினைவு என்கிறோம். நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா. பெயர் தெரிந்தவர், தெரியாதவர் எல்லார்க்கும் உரிய நாள். மறுநாள் இறந்தோர் அனைவரின் நினைவு. மக்கள் வழக்கில் அது கல்லறைத் திருநாள்.

ஏட்டு வழக்கினும் மக்கள் வழக்கு வளமானது. கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, சப்பரம், நேர்த்திக்கடன், அசனம் ஆகிய சொற்களை எண்ணிப் பாருங்கள். இவற்றுள் பலவும் கோயில் திருவிழாக்களோடு பொதுவானவை. தமிழர் விழா எடுக்கும் முறை ஒன்றாக இருப்பதால் சொல்லும் ஒன்றாக அமைந்தது. நவநாள் என்பது இலத்தீன் வழக்கின் ஒன்பது நாள் வேண்டுதலுக்கு நேரானது. ஆயினும் நவராத்திரியை அறிந்த செவிக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. அசனம் என்பது விழாவின் நிறைவில் ஊரார் அனைவரும் அமர்ந்து உண்ணும் பொதுவிருந்து. உண்ணுதல் என்னும் பொருளுடைய பழைய வடசொல் ஒன்று தென்பாண்டி நாட்டுக் கிறித்தவ ஊர்களில் இன்றும் உயிரோடு வழங்குவது அகரமுதலி செய்வோர் குறித்துக்கொள்ளத்தக்க செய்தி.

இந்நாட்டில்

இம்மரபு மலாயாவிற்கும் வந்தது. ஒரு வகையில் முன்னரே வந்தது என்றும் கூறலாம். முத்துக்குளித்துறையில் தமிழ்ச் செபம் கற்பித்த சவேரியார் 1545இல் மலாக்காவை அடைந்தார். 1552 திசம்பர் 3இல் சீனக் கடற்கரைத் தீவொன்றில் இறந்தபின், 1553இல் அவர் உடல் மலாக்கா மலைமேல் இருந்த ஆலயத்தில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்து, பின்னர் கோவா சென்றது. அவ்வாலயத்தின் இடிந்த சுவர்களை இன்றும் காண்கிறோம். திசம்பர் 3ஆம் நாளைக் கோட்டாறும் மலாக்காவும் ஒருங்கே நினைவுகூர இயலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத்திற்கும் தொடர்வண்டிப் பாதைக்கும் துறைமுகத்திற்கும் வந்த தமிழர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். சிங்கப்பூரில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென அமைந்தது. புக்கிட் மெர்தாஜாமில் சூலை 26ஐ ஒட்டி நடைபெறும் புனித அன்னம்மாள் விழாவில் தமிழரும் சீனரும் பிறரும் மெழுகுதிரி ஏந்தி ஒரே பவனியில் நடக்கின்றனர். மலாக்காவின் போர்த்துக்கீசியக் குடியிருப்பில் சூன் 29ஆம் நாளைச் சார்ந்து 'சான் பெட்ரோ' விழா எடுத்து மீன்பிடி படகுகளை அணிசெய்து ஆசி பெறுகின்றனர். அந்த நாளே நம் முன்னோர் இராயப்பர் சின்னப்பர் திருநாள் என வழங்கியது.

ஆயினும் இராயப்பர் என்றால் யார் என்று இன்றைய இளைஞரைக் கேட்டால் எத்துணை பேர் விடை கூறுவர்? நாம் கவலைகொள்ள வேண்டிய இடம் இதுவே.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். பாட்டனார் பெயர் இராயப்பன். தம் மகனுக்கு அவர் பீட்டர் எனப் பெயரிடுகிறார். பதிவேட்டில் அது 'பீட்டர், இராயப்பனின் மகன்' என அமைகிறது. இரண்டும் ஒரே புனிதரின் பெயர் என்பதைப் பதிவு செய்த எழுத்தரும் அறியார். நாளடைவில் அக்குடும்பமும் அறியாது. பேரன் பிறக்கும்போது பதிவேட்டில் தந்தை பெயராக நிற்பது பீட்டர் மட்டுமே. நம் நாட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை பெயரே உடன்வருவதால், இரண்டே தலைமுறையில் இராயப்பன் ஏட்டிலிருந்து நீங்கிவிடுகிறார். அவரோடு நானூறு ஆண்டு மொழி வரலாற்றின் ஓர் இழையும் நீங்கிவிடுகிறது. எஞ்சி நிற்கும் பெயர்களும் உரோமன் எழுத்தில் நிற்கின்றன. ஆரோக்கியசாமி உரோமன் எழுத்திற்குப் போய்த் தமிழுக்குத் திரும்பும்போது அரோகியசாமி ஆகிறார். நலம் என்ற பொருள் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு என்னும் வடிவங்கள் அதில் இடம்பெற்றன. அந்நூல் தந்த நன்மை பெரிது. இரு திருச்சபைப் பிள்ளைகள் ஒரே பெயரில் ஒரே திருத்தூதரை அறிவது குறைவான பேறன்று. அதனை எதிர்ப்பது நம் கருத்துமன்று. ஆனால் வாசகத்தில் யோவானைக் கேட்கும் சிறுமி, தன் பாட்டனார் அருளப்பனும் அவரே என்பதை எவ்வாறு அறிவாள்? புதிய சொல் வருவது இயல்பு. பழைய சொல்லுக்கும் புதிய சொல்லுக்கும் இடையே பாலம் இல்லாது போவதே இழப்பு.

நாம் செய்யக்கூடியவை

இவ்விழப்பைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆலயங்களின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளும் திருமணப் பதிவேடுகளும் இந்நாட்டுத் தமிழ்ப் பெயர்களின் கருவூலம். உரியவர் இசைவோடு, ஆட்களின் விவரங்களை விடுத்துப் பெயர்களை மட்டும் தொகுத்தாலே, புனிதர் வழிவந்த தமிழ்ப் பெயர்களின் பட்டியல் ஒன்று கிடைக்கும். அதனோடு ஒவ்வொரு பெயரும் எப்புனிதரைக் குறிக்கிறது, அதன் பொருள் யாது, திருநாள் எந்நாள் என்பவற்றைச் சேர்த்தால் ஒரு சிற்றகரமுதலி ஆகும். மொழி மன்றம் இதனை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

அடுத்தது குடும்பங்களின் கையில் உள்ளது. பிள்ளைக்கு யோவான் என்றோ ஜான் என்றோ பெயரிடுவது பெற்றோர் உரிமை. அப்பெயரின் தமிழ் வடிவம் அருளப்பன் என்பதையும், அதன் பொருளையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது அவர்தம் கடமை. தன் பெயருக்குப் பொருள் தெரிந்த பிள்ளை அம்மொழியை அயலாகக் கருதாது.

மூன்றாவது, விழா அழைப்பிதழ்கள். இந்நாட்டில் பல மொழியினர் கூடி நடத்தும் விழாக்களில் பொதுமொழி ஒன்றைப் பயன்படுத்துவது தவிர்க்க இயலாதது. ஆயினும் தமிழில் ஒரு பக்கம் அச்சிடும்போது, அதில் கொடியேற்றம் என்றும் நவநாள் என்றும் தேர்ப்பவனி என்றும் எழுதுவோம். அயற்சொல்லைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து வைப்பதைவிட, மக்கள் நாவில் முன்னரே இருந்த சொல்லை அங்கு அமர்த்துவது எளிது, அழகும் கூட.

கல்லறைத் திருநாளில் இந்நாட்டுக் கத்தோலிக்கத் தமிழர் தம் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து, மலர் வைத்து, மெழுகுதிரி ஏற்றுகின்றனர். பழைய கற்கள் சிலவற்றில் பெயர்கள் தமிழ் எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. மழையும் பாசியும் அவற்றை ஆண்டுதோறும் மெல்லத் தேய்த்து வருகின்றன. வரும் நவம்பர் 2இல் அங்குச் செல்வோர், உடன்வரும் பிள்ளைகளை அழைத்து அவ்வெழுத்துகளை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். சவேரிமுத்து, ஞானப்பூ, சின்னப்பன், ஆரோக்கியம் என அப்பெயர்கள் மீண்டும் பிள்ளைகளின் நாவில் ஒலிக்கட்டும்.